ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு தண்டனையா?

விளையாட்டுச் செய்தி என்றாலே நம் வீடுகளில் கிரிக்கெட்தான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் 2022-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் என்ற ஊரில் நடந்த ஓர் ஓட்டப்பந்தயத்தைப் பற்றியும் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். உலகத் தடகளப் போட்டியில் ஆண்களுக்கான 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்று அது. டெவன் ஆலன் என்ற அமெரிக்க வீரர் அதில் ஓட விடாமல் வெளியேற்றப்பட்டார். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 வினாடிக்குள் ஒருவர் காலை உந்தினால் அது 'பவுல் ஸ்டார்ட்' என்பது விதி. ஆலனின் நேரம் 0.099 என்று கருவி காட்டியது. ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு!

'விதி என்றால் விதிதானே, ஆயிரத்தில் ஒன்றானால் என்ன, நூறில் ஒன்றானால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. விதி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் கேள்வி வேறு. ஒரு மனிதனின் பல வருஷ உழைப்பை ஓர் அளவுகோலைக் காட்டிப் பறிக்கும்போது, அந்த அளவுகோல் எதை அளக்கிறது, எவ்வளவு சரியாக அளக்கிறது என்று கேட்டுவிட்டுத்தானே பறிக்க வேண்டும்? அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

இந்த ஓட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில விவரங்கள். மொத்தம் 110 மீட்டர், பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 1.067 மீட்டர் உயரம். சராசரி மனிதனின் இடுப்புக்கு மேலே வரும். முதல் தடை 13.72 மீட்டரில். அதன் பிறகு 9.14 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடையிலிருந்து எல்லைக் கோடு 14.02 மீட்டர். தடைகளுக்கு நடுவே மூன்றே எட்டு. நான்காவது எட்டு வைக்க இடமில்லை. நல்ல வீரர்கள் இதைப் பதின்மூன்று வினாடிகளில் முடித்துவிடுகிறார்கள். ஒரு தடையில் கால் கொஞ்சம் அதிகமாக உரசினால் அடுத்த தடைக்குக் கணக்குத் தவறும். அன்றைக்கே அது நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜமைக்காவின் ஹான்ஸ்லே பார்ச்மென்ட், இறுதிச் சுற்றுக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும்போது தடையில் மோதிக் காயப்பட்டு, ஓடாமலே திரும்பினார். அது விதி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆலனுக்கு நடந்தது அப்படியல்ல.

ஆலன் அந்த மண்ணின் பிள்ளை மாதிரி. போட்டி நடந்த ஹேவர்டு மைதானம் ஓரிகன் பல்கலைக்கழகத்துடையது. அங்கே படித்து, அமெரிக்கக் கால்பந்தும் ஆடி, தடை ஓட்டமும் ஓடியவர் அவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம், டோக்கியோவில் நான்காவது. பதக்கம் மட்டும் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. 2022 ஜூன் மாதம் நியூயார்க்கில் 12.84 வினாடியில் ஓடினார். 2012-இல் ஏரியஸ் மெரிட் வைத்த 12.80 என்ற உலகச் சாதனைக்கு நூறில் நான்கு பங்குதான் பாக்கி. இதற்கிடையில் தந்தையைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் சொந்த ஊர்க்காரர்கள் முன்னிலையில் இறுதிச் சுற்று. இந்த முறை நிச்சயம் என்று அரங்கமே நம்பியிருந்தது.

அரையிறுதி அதே மாலைதான் நடந்தது. அதில் அவருடைய தொடக்க நேரம் 0.101. எந்தப் பிரச்சினையும் இல்லை. 'அருமையான ஸ்டார்ட்' என்று பாராட்டு. சில மணி நேரத்தில் அதே மனிதர், அதே காது, அதே கால். இப்போது 0.099. இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பங்கு. முன்னதற்குக் கைதட்டல், பின்னதற்குச் சிவப்பு அட்டை. அவர் நடுவர்களிடம் வாதாடிப் பார்த்தார். பலனில்லை. அவர் வெளியே நடந்தபோது கூட்டம் ஊளையிட்டுத் தன் எதிர்ப்பைக் காட்டியது. பிறகு நடந்த ஓட்டத்தில் கிராண்ட் ஹாலோவே 13.03 வினாடியில் தங்கம் வென்றார். வென்றவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைய பேச்சு அவரைப் பற்றியதாக இல்லை என்பது அவருக்கும் ஒரு நஷ்டமே.

இனி அளவுகோலுக்கு வருவோம். ஓட்டக்காரர் காலை ஊன்றும் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஓர் உணர்கருவி இருக்கிறது. காது சத்தத்தைக் கேட்ட நேரத்தை அது அளப்பதில்லை. மூளை முடிவெடுத்த நேரத்தையும் அளப்பதில்லை. கால் பலகையை அழுத்தும் விசை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் கணத்தைத்தான் பதிவு செய்கிறது. அந்த வரம்பை எங்கே வைப்பது என்பது கருவி செய்கிறவர்களின் கணக்கு. ஒரு கம்பெனியின் கருவியில் இருப்பது இன்னொன்றில் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. யூஜீன் போட்டியில் பல வீரர்களின் தொடக்க நேரங்கள் வழக்கத்தைவிட வேகமாகவே பதிவாகியிருந்தன என்று புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் அப்போதே எடுத்துக் காட்டினார்கள். உலகத்து வீரர்களெல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து காது கூர்மையாகிவிட்டார்களா, அல்லது கருவி கொஞ்சம் முந்திக்கொண்டதா? சந்தேகம் நியாயமானதே.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. காற்றில் சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு 34 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு முழம் தூரத்துக்கும் குறைவு. ஓடுபாதை ஒன்றின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதைக்காரருக்குப் பக்கத்தில் நின்று சுட்டால் எட்டாவது பாதைக்காரருக்குச் சத்தம் போய்ச் சேர ஆயிரத்தில் 25 பங்கு கூடுதலாக ஆகும். அதனால்தான் ஒவ்வொருவர் பின்னாலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஒலிபெருக்கிக்கும் ஒருவர் காதுக்கும் உள்ள தூரம் ஒரு முழம் கூடிக் குறைந்தாலே, ஆலனை வெளியேற்றிய அந்த ஆயிரத்தில் ஒன்று வந்துவிடுகிறதே! அதே ஆயிரத்தில் ஒரு வினாடியில் இந்த வீரர்கள் ஓடும் தூரம் எட்டரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலம். அவ்வளவு லாபத்தை அவர் திருடினார் என்பதுதான் குற்றச்சாட்டு.

ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்கு இந்த இடத்தில் ஒன்று உறுத்தும். நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர் என்பது அளவு. ஆனால் எந்தப் பொறியாளரும் 1676 என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதில்லை. கூட இத்தனை, குறைய இத்தனை மில்லிமீட்டர்வரை இருக்கலாம் என்று சேர்த்துத்தான் எழுதுவார். அதைத்தான் டாலரன்ஸ் என்கிறோம். இரும்பு வெயிலில் நீளும், கருவி தேயும், அளக்கிற கையும் பிசகும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. தண்டவாளத்தை அளக்கிற கேஜையே அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பதும் ஒழுங்குமுறை.

தடகள விதிகளை எழுதியவர்களுக்கும் இது தெரியாததல்ல. அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. தடையின் உயரத்தில் மேலே மூன்று, கீழே மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். தடையின் மேல்கட்டையைத் தள்ளினால் அது சாய்வதற்கு வேண்டிய விசை 3.6 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குள் இருக்கலாம். முடிவு நேரத்தை நூறில் ஒரு பங்குவரைதான் அறிவிக்கிறார்கள். மிச்சமிருந்தால் அடுத்த நூறுக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். சமநிலை வந்தால் மட்டும் ஆயிரத்தைப் பார்க்கிறார்கள். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை மட்டும்தான் ஏற்கப்படாது; பதக்கம் வீரருக்கே. மரக்கட்டைக்கு டாலரன்ஸ் உண்டு, காற்றுக்கு விட்டுக்கொடுப்பு உண்டு, கடிகாரத்துக்கும் உண்டு. மனிதனின் காதுக்கும் காலுக்கும் மட்டும் ஒரு நூலிழைகூடக் கிடையாது என்றால் இது என்ன நியாயம்?

சரி, இந்த 0.100 எங்கிருந்து வந்தது? சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், முதுகுத்தண்டு வழியாகக் காலுக்கு இறங்கி, கால் பலகையை உந்துவதற்கு அதைவிடக் குறைந்த நேரத்தில் மனிதனால் முடியாது என்ற நம்பிக்கைதான் அடிப்படை. அதற்கும் முன்னால் அசைந்தால் சத்தம் கேட்டு அசையவில்லை, உத்தேசமாக அசைந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்கச் சர்வதேச சம்மேளனமே பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பாவோ கோமி தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. மனிதனால் இன்னும் சீக்கிரமாகவே கால் உந்த முடிகிறது, எல்லையை 0.080 அல்லது 0.085-க்கு இறக்கலாம், அதிவேகக் கேமராக்களையும் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பது அவர்கள் சொன்ன யோசனை. எல்லை இறங்கவில்லை. பதின்மூன்று வருஷம் கழித்து ஆலன் யூஜீனில் நின்றபோதும் அதே 0.100.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2002 வரை பவுல் ஸ்டார்ட் செய்த வீரருக்கு முதல் தடவை எச்சரிக்கைதான். இரண்டாவது தடவைதான் வெளியேற்றம். 2003-இல் அதை மாற்றி, வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் எச்சரிக்கை என்றார்கள். 2010 முதல் அதுவும் போய், முதல் தவறுக்கே வெளியேற்றம். இதற்கு நியாயமான காரணம் உண்டு. வேண்டுமென்றே முந்திப் பார்ப்பதும், மற்றவர்களின் மனத்தைக் குலைப்பதும், பந்தயம் திரும்பத் திரும்பத் தாமதமாவதும் அலுப்பாகிவிட்டன. ஆனால் கவனியுங்கள். தண்டனை படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. அளவுகோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு கருவி கொஞ்சம் பிசகினால் வீரருக்கு ஓர் எச்சரிக்கையோடு போகும். இப்போது அதே பிசகு ஒரு வாழ்நாள் வாய்ப்பையே பறித்துவிடும். தண்டனையைக் கூட்டுகிறவர்கள் சாட்சியத்தையும் அந்த அளவுக்கு உறுதியாக்க வேண்டாமா?

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டனின் லின்போர்டு கிறிஸ்டி 100 மீட்டர் இறுதியில் வெளியேற்றப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். பழைய சாம்பியன் அவர். இரண்டாவது தவறில் அவருடைய நேரம் 0.086. பின்லாந்துக்காரர்கள் சொன்ன 0.085 அன்று எல்லையாக இருந்திருந்தால் அந்த ஸ்டார்ட் செல்லுபடியாகியிருக்கும்! 2011-இல் தென்கொரியாவின் டேகு நகரில் உசைன் போல்ட் வெளியேற்றப்பட்டதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே பாய்ந்துவிட்டதை உலகமே கண்ணால் பார்த்தது. கருவியே வேண்டியிருக்கவில்லை. ரசிகர்களுக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தவறுக்கும், கருவிக்கு மட்டும் தெரிகிற தவறுக்கும் ஒரே தண்டனையா என்பதுதான் கேள்வி.

அதே டேகுவில், அதே 110 மீட்டர் தடை ஓட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கியூபாவின் டேரன் ரோபிள்ஸ் முதலாவதாக வந்தார். அடுத்த பாதையில் ஓடிய சீனாவின் லியூ சியாங்கின் கையில், கடைசித் தடைகளை நெருங்கும்போது அவருடைய கை இடித்தது. சீனா முறையிட்டது. நடுவர்கள் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ரோபிள்ஸின் தங்கம் போயிற்று. அமெரிக்காவின் ஜேசன் ரிச்சர்ட்சனுக்குத் தங்கம், லியூவுக்கு வெள்ளி. கடுமையான தீர்ப்புதான். ஆனாலும் முதலில் பந்தயம் ஓடி முடிந்தது, பிறகு முறையீடு, பிறகு படம், பிறகு தீர்ப்பு. யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். 0.099-ஐ யார் எந்தக் கண்ணால் பார்ப்பது?

நம் நாட்டுக்கு இது சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிக்கு வந்து ஐந்தாவது இடம் பெற்றவர் நம் குர்பச்சன் சிங் ரந்தாவா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு வினாடியில். நாற்பது வருஷமாகியும் அந்த நூறில் ஒன்றை நாம் மறக்கவில்லை. ஆலனுடையது அதிலும் பத்தில் ஒரு பங்கு. உஷா ஓடித் தோற்றார். ஆலனை ஓடவே விடவில்லை.

இன்னும் பக்கத்தில் ஒரு சம்பவம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதி. சீனாவின் வூ யான்னி முந்தி அசைந்தார். பக்கத்துப் பாதையில் இருந்த விசாகப்பட்டினத்துப் பெண் ஜோதி யர்ராஜியும் அதைத் தொடர்ந்து எழுந்துவிட்டார். இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஜோதி போகவில்லை. 'நான் முதலில் அசையவில்லை, படத்தைப் பாருங்கள்' என்று நின்றார். நடுவர்கள் திரையில் பார்த்தார்கள், பேசினார்கள், கடைசியில் இருவரையும் ஓட அனுமதித்துவிட்டு, முடிவைப் பிறகு ஆராய்ந்தார்கள். வூ தகுதிநீக்கம் செய்யப்பட்டார். மூன்றாவதாக வந்த ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது. அன்று சிவப்பு அட்டையோடு விஷயம் முடிந்திருந்தால் அந்த வெள்ளி இல்லை. நமக்கு நியாயம் கிடைத்தபோது சந்தோஷப்பட்டோம் அல்லவா? அதே நியாயத்தைத்தான் ஆலனுக்கும் கேட்கிறேன்.

'எல்லையை 0.080 என்று வைத்தால் நாளைக்கு ஒருவர் 0.079 என்று வந்து நிற்பாரே' என்று கேட்பார்கள். ரயில்வேக்காரனுக்கு இது பழகிய கேள்வி. சிவப்பு சிக்னலைத் தாண்டிய டிரைவரிடம் 'ஒரு மீட்டர்தானே தாண்டினாய்' என்று யாரும் சமாதானம் சொல்வதில்லை. கோடு என்றால் கோடுதான். ஆனால் சிக்னலுக்கு அப்பாலும் ஒரு குறிப்பிட்ட தூரம் பாதையைக் காலியாக வைத்துவிட்டுத்தான் வண்டிக்கு வழி விடுகிறோம். தாண்டிவிட்டால் விசாரணை நடக்கும். பிரேக் சரியாக இருந்ததா, சிக்னல் தூரத்திலிருந்தே தெரிந்ததா, விளக்கு எரிந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே தீர்ப்பு. கடுமையும் விசாரணையும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. விசாரணை இருப்பதால்தான் அந்தக் கடுமையை ஊழியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே என் யோசனை எளிமையானது. அறிவியல் எந்த எண்ணைச் சொல்கிறதோ அங்கே எல்லையை இறக்கட்டும். அந்த எல்லைக்கும் பழைய 0.100-க்கும் நடுவே விழுகிறவரை உடனே விரட்டாமல், ஓட விட்டு, பிறகு விசையின் வரைபடத்தையும் கேமராப் படத்தையும் பார்த்து முடிவு செய்யட்டும். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் கருவியைச் சரிபார்த்து, அதன் பிழை அளவு என்ன என்பதை வெளிப்படையாக அறிவிக்கட்டும். பதின்மூன்று வினாடிப் பந்தயத்துக்காகப் பத்து நிமிஷம் படம் பார்ப்பது பெரிய செலவா? செயிண்ட் லூசியா என்ற குட்டித் தீவின் ஜூலியன் ஆல்பிரட்டும் அதே யூஜீனில் 100 மீட்டர் அரையிறுதியில் பவுல் ஸ்டார்ட் என்று வெளியேற்றப்பட்டவர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே 100 மீட்டரில் தங்கம் வென்றார். அவருக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. ஆலனுக்கு அந்த மைதானத்தில், அந்த வருஷத்து வேகத்தோடு, அந்தப் பந்தயம் திரும்பி வரவில்லை.

ஓட்டப்பந்தயத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. கைரேகை தேய்ந்த முதியவரின் கட்டைவிரலைக் கருவி ஏற்காதபோது, 'மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் என்ன செய்ய?' என்று பதில் வருகிறது. அரை மார்க்கில் சீட்டு இழந்த பிள்ளையிடம் 'கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது' என்கிறார்கள். ஊரை விட்டு வந்து, சிபாரிசு சொல்ல ஆளில்லாமல், விதியை மட்டுமே நம்பிப் பிழைக்கிற நம் போன்ற குடும்பங்களுக்கு விதி நேர்மையாக இருப்பது மிக அவசியம். அதனாலேயே விதியின் கையிலிருக்கும் கருவியைக் கேள்வி கேட்கிற உரிமையும் நமக்கு அவசியம். கருவி பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான். ஆனால் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அதற்கு வராது. அதைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் மனிதர்தான்.

நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழாவில் குழந்தைகள் ஓட்டத்துக்கு விசில் ஊதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். முந்தி ஓடிய பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்கள், தவறில்லை. 'நான் முந்தவில்லை மாமா' என்று அது அழுதால், வெளியே அனுப்புவதற்கு முன் பக்கத்தில் நின்ற இரண்டு பேரைக் கேளுங்கள். யாருடைய செல்போனிலாவது படம் இருந்தால் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஓட விடுங்கள்.